கையில் ஒரு நோட்டுப் புத்தகம்

பெரிய மனிதர்களைப் பார்க்கப் போகிறவர்கள் கையில் இரண்டு எலுமிச்சம்பழம் கொண்டு போவது நம் நாட்டு வழக்கம். பழத்தோடு பழமாக ஒரு சிபாரிசுக் கடிதமும் போகும். கடிதத்தைக் கொடுத்தவர் யார் என்று கவனிப்பார்களே அன்றி, கொண்டு வந்தவனிடம் என்ன சரக்கு இருக்கிறது என்று கவனிப்பவர்கள் அபூர்வம். இதனால் சிபாரிசு என்ற சொல்லே நம்மவரிடையே கெட்ட பெயர் எடுத்துவிட்டது. ஆயினும் சிபாரிசு இல்லாதிருந்தால் கணித மேதை ராமானுஜன் கும்பகோணத்துத் திண்ணையிலேயே இருந்து மறைந்திருப்பார் என்பதையும் நாம் மறக்கலாகாது.

1910-ஆம் ஆண்டில் ராமானுஜனுடைய நிலைமை என்ன? எப். ஏ. பரீட்சையில் தேறவில்லை. முந்தின வருஷம் விவாகமும் ஆகிவிட்டது. கணிதத்தைத் தவிர வேறொன்றிலும் மனம் செல்லவில்லை. ஒரு குமாஸ்தா வேலையாவது கிடைக்காதா என்று, திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயரைத் தேடிச் சென்றார். ஐயர், 1907-இல் இந்தியக் கணித சங்கத்தை ஸ்தாபித்தவர். ராமானுஜன் கொண்டு போனது எலுமிச்சம்பழம் அல்ல; தாம் கண்ட சூத்திரங்கள் நிரம்பிய நோட்டுப் புத்தகம். அதைப் புரட்டிப் பார்த்த ஐயர், ரெவினியூ இலாகாவின் கீழ்ப்படியில் உட்கார்த்தி இந்த அறிவை நசுக்க மனமின்றி, வேலை கொடுக்க மறுத்துவிட்டார்! கேட்டது கிடைக்கவில்லை, ஆனால் சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கிடைத்தது. இப்படியும் ஒரு மறுப்பு உண்டு.

அக்கடிதத்தின் வழியாகப் பேராசிரியர் சேஷு ஐயர். அவர் மூலமாக நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ். இந்தச் சந்திப்பைப் பற்றி ராவே பின்னர் எழுதியிருக்கிறார். குள்ளமான பருத்த உருவம், சவரம் செய்யாத முகம், அழுக்கு உடை. கண்கள் மட்டும் பிரகாசித்தனவாம். முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. இதைக் கண்ட ராமானுஜன், தம் முடிவுகளில் எளிமையானவற்றை முன்னே வைத்தார். பிறகு படிப்படியாக அழைத்துச் சென்று, ஒருவரும் காணாத உச்சியில் கொண்டு போய் நிறுத்தினார். நம்முடைய பட்டதாரி இளைஞர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. கேட்பவரின் படியிலே நின்று பேசத் தொடங்கினார். ஆனால் தம் சரக்கின் மதிப்பைக் குறைத்துக்கொள்ளவில்லை. என்ன வேண்டும் என்று ராவ் வினவியபோது, ஆராய்ச்சி செய்வதற்கு ஓய்வும் அதுவரை உயிர் தரிக்க உணவுமே போதும் என்றார்.

ராவ் மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து கொடுத்து வந்தார். பிறருக்குப் பாரமாக நெடுநாள் இருக்க ராமானுஜன் விரும்பவில்லை. 1912 மார்ச்சு முதல் தேதி சென்னைத் துறைமுக டிரஸ்டில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். அங்கே மேலதிகாரியாக வாய்த்த நாராயண ஐயரும் கணிதம் கற்றவர். மாலை வேளைகளில் இருவரும் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். ராமானுஜன் ஒரே தாவலில் கடக்கும் இடத்தில் மற்றவர்களுக்குப் பத்துப் படிகளாவது வேண்டும் என்று ஐயர் வற்புறுத்துவாராம். ஆபீஸ் மானேஜர்களில் எத்தனை பேர் தமக்குக் கீழுள்ள குமாஸ்தாவிடம் இவ்வாறு மாணாக்கராக இருக்கச் சம்மதிப்பார்கள்? துறைமுகத் தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங்கின் காதில் விஷயத்தைப் போட்டவரும் அவரே.

சேஷு ஐயர் முதலியோரின் யோசனைப்படி 1913 ஜனவரி 16-ஆம் தேதி கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்குக் கடிதம் போயிற்று. அதற்கு முன் வேறு பேராசிரியர்களுக்கு எழுதியவை பயன் தரவில்லை. அவர்களை நாம் வைய வேண்டியதில்லை; முன்பின் அறியாதவர் அனுப்பும் கணிதக் கட்டுகள் அத்தகையோருக்கு வந்துகொண்டே இருக்கும். ராமானுஜன் தம் உத்தியோகத்தையும் அற்பச் சம்பளத்தையும் மறைக்காமல் முதல் வரிகளிலேயே எழுதினார். உடனே நூற்றுக்கு மேற்பட்ட தேற்றங்களை அடுக்கினார். அவற்றில் சில பழையவை, சில பிழையானவை, சில உலகம் அறியாதவை. ஹார்டியும் லிட்டில்வுட்டும் சேர்ந்து பார்த்து வியந்தார்கள். பிப்ரவரி 8-ஆம் தேதி, நிரூபணங்களைக் கேட்டு ஹார்டி பதில் எழுதினார்.

பலர் கதையை இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். இந்திய மேதையை ஆங்கிலேயர் கண்டுபிடித்தார் என்று நம் பாடப் புத்தகங்களும் சொல்லிவிட்டால், திருக்கோவிலூரும் நெல்லூரும் திருவல்லிக்கேணியும் எங்கே போவது? ஹார்டியின் பெருமை நிச்சயமானது; அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அக்கடிதம் தபாலில் சேர்வதற்கு முன்னரே, பட்டமில்லாத ஒரு வாலிபரின் நோட்டுப் புத்தகத்தைப் பொறுமையுடன் பிரித்துப் பார்த்தவர்கள் நம் உத்தியோகஸ்தர்கள்.

1913 மே மாதம் முதல் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்தது. 1914 மார்ச்சு 17-ஆம் தேதி அவர் கப்பல் ஏறினார். 1918-இல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். 1919 ஜனவரியில், தமக்கு ஏற்பாடான வருஷம் 250 பவுன் உதவித்தொகையைப் பற்றிச் சர்வகலாசாலைக்கு எழுதினார்: பெற்றோருக்கு 50 பவுன் போகட்டும், தம் அவசியச் செலவுக்கு மேல் மிஞ்சுவது, ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிச் சம்பளம் குறைப்பதற்கும் புத்தகம் வாங்குவதற்கும் உதவட்டும் என்று.