கொள்ளை நோயும் வதந்தியும்

1897-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி கல்கத்தா சட்டசபையில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. பிப்ரவரி 4-ஆம் தேதி அது சட்டமாயிற்று. கொள்ளை நோய்ச் சட்டம் என்று அதற்குப் பெயர். மூலத்தில் அதற்கு நான்கே பிரிவுகள். நோய் பரவும் காலத்தில் சர்க்கார் தனக்கு அவசியமென்று தோன்றும் விதிகளை இயற்றலாம், மீறுகிறவனைத் தண்டிக்கலாம், நல்லெண்ணத்தோடு செய்ததாகச் சொல்லப்படும் எக்காரியத்திற்காகவும் யார் மீதும் வியாஜ்யம் தொடுக்க முடியாது. சட்டப் புத்தகங்களோடு பழகியவர்கள் என்ற முறையில் நாம் இதனைப் பலமுறை வாசித்திருக்கிறோம். செய்வதற்குக் காரணம் இன்னதென்று ஜனங்களுக்கு அறிவிக்க வேண்டும் என்ற வாசகம் ஒன்றையும் அதில் காணோம்.

இச்சட்டம் பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்னர், 1896 செப்டம்பரில், பம்பாயின் மாண்ட்வி வட்டாரத்தில் பிளேக் நோய் தோன்றியிருப்பதை டாக்டர் அகாசியோ வியேகாஸ் கண்டறிந்து சொன்னார். உடனே சாக்கடைகளில் கார்பாலிக் நீர் பாய்ச்சப்பட்டது. நோயாளிகளை ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரிக்குக் கட்டாயமாகக் கொண்டுபோக உத்தரவு பிறந்தது. ஏன் கொண்டுபோகிறார்கள், உள்ளே என்ன சிகிச்சை நடக்கிறது என்று ஆலைத் தொழிலாளிக்கு அவனுடைய பாஷையில் எடுத்துரைத்தவர் யார்? உள்ளே போனவர்களில் அநேகர் உயிரோடு திரும்பவில்லை என்பது ஒன்றே அவனுக்குத் தெரிந்த செய்தி. மிச்சத்தை அவன் மனமே இட்டு நிரப்பிக்கொண்டது. பிணங்களிலிருந்து தைலம் இறக்குகிறார்கள் என்றான். அவ்வாண்டு அக்டோபரில் விக்டோரியா ராணியின் சிலைக்கு யாரோ தார் பூசியிருந்தார்கள். அந்த அவமதிப்புக்கு ஈடாக ராணி மனித உயிர்களைக் கேட்கிறாள் என்றான். அம்மாதம் 29-ஆம் தேதி ஏறத்தாழ 1,000 ஆலைத் தொழிலாளிகள் திரண்டு அந்த ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள்.

படித்தவர்கள் இதைக் கேட்டு நகைப்பது எளிது. ஆனால் அக்காலத்தில் நோயின் மார்க்கத்தை உள்ளபடி அறிந்தவர் துரைமாரிலும் இல்லை. கார்வால் மலைநாட்டுக் குடியானவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே ஒன்றைக் கண்டு வைத்திருந்தார்கள். வீட்டில் எலிகள் செத்து விழத் தொடங்கினால், பெட்டி பேழைகளைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டே வெளியேறிவிடுவார்கள். எந்தக் கலாசாலையும் அவர்களுக்கு அதைப் போதிக்கவில்லை. 1898-இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு வைத்தியர், எலியின் தெள்ளுப்பூச்சியே நோயைச் சுமக்கிறது என்று சோதனை செய்து காட்டினார். அப்போதிருந்த பிளேக் கமிஷன் அதை ஏற்கவில்லை. 1905-க்குப் பின் நடந்த ஆராய்ச்சிகளே அவர் சொன்னதை நிலைநாட்டின. எலி செத்ததும் வீட்டைக் காலி செய்த குடியானவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எவ்வளவு காலம் மிச்சமாகியிருக்கும்!

பூனாவில் நடந்தது இதனினும் கொடிது. 1897 மார்ச்சு மாதத்தில் ராண்ட் என்ற அதிகாரியின் கீழ் வெள்ளைச் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள். பூஜை அறையும் சமையலறையும் அவர்களுக்கு ஒன்றாகவே இருந்தன. ஜூன் 22-ஆம் தேதி இரவு ராண்ட் சுடப்பட்டார். சில நாட்களில் இறந்தார். லோகமானிய திலகர் மீது ராஜத்துரோகக் குற்றம் சாட்டிப் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை விதித்தார்கள். அந்தத் திலகர் நோய்க்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடாமல் இருந்து, ஹிந்துக்களுக்கென்று ஒரு பிளேக் ஆஸ்பத்திரி அமைத்தவர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நம்முடைய பக்கத்துக் குறைகளையும் மறைப்பதற்கில்லை. நோயாளியை உள்ளறையில் ஒளித்துவைத்து, இறந்தவரை ரகசியமாக அடக்கம் செய்தவர்கள் அநேகர். அதனால் அண்டை வீட்டார் மாண்டார்கள். அவ்வாண்டு சீமையிலிருந்த கோகலே, தமக்கு வந்த கடிதங்களை நம்பி, சிப்பாய்கள் பெண்களை மானபங்கம் செய்ததாக ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் குற்றம் சாட்டினார். ஊர் திரும்பியபின் அதற்குச் சாட்சி கிட்டவில்லை. பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். சிப்பாய்களின் அடாத செயல்கள் பொய்யல்ல. ஆயினும் ருசுவில்லாத ஒரு குற்றச்சாட்டு, ருசுவுள்ள நூறு முறையீடுகளையும் சர்க்கார் தள்ளிவிடுவதற்கு வழி செய்து கொடுத்தது. பத்திரிகை நடத்துகிற நமக்கு அந்த நிகழ்ச்சி இன்றும் உறுத்துகிறது. கையில் கிடைத்ததை அச்சேற்றும் ஆசை எமக்கும் உண்டு.

அதே மார்ச்சு மாதம் 10-ஆம் தேதி, பூனாவுக்கு அருகே நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து அந்நோயாலேயே மாண்டார் சாவித்திரிபாய் பூலே.

இவையெல்லாம் அந்நியர் ஆட்சியின் பழங்கதை என்று நேயர்கள் தள்ளிவிட வேண்டாம். 2020-ஆம் ஆண்டில் கொரோனா வந்தபோது சுதந்திர இந்தியா எடுத்துக்கொண்டதும் இதே 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான். அவ்வாண்டு ஏப்ரலில் நம் சென்னையில், அந்நோயால் இறந்த ஒரு வைத்தியரின் சடலத்தைப் புதைக்கவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது; ஆம்புலன்ஸ் ஊழியர்கள் இரத்தம் சிந்தினார்கள்; நள்ளிரவில், போலீஸ் காவலில், அவருடைய நண்பரான மற்றொரு வைத்தியர் தம் கையால் மண்வெட்டி பிடித்துக் குழியை மூட நேர்ந்தது. முறைப்படி புதைத்த பிணத்திலிருந்து நோய் எழுந்து வந்து தெருவாரைப் பற்றாது என்பதை அத்தெருவில் உள்ளவர்களுக்கு முன்கூட்டிச் சொன்னவர் யார்? பம்பாய்த் தொழிலாளியைக் குறித்து நாம் கேட்ட கேள்வியே 124 ஆண்டுகள் கழித்துச் சென்னைக்கும் பொருந்துகிறது. கல்லெறிந்தவர்களுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. அவர்கள் தண்டனைக்கு உரியவர்களே.

அவ்வாண்டிலேயே சட்டம் திருத்தப்பட்டது. வைத்தியத் தொழிலில் உள்ளோரைத் தாக்குகிறவர்களுக்குக் கடுந்தண்டனை சேர்க்கப்பட்டது, அது நியாயமே. ஆனால் இன்ன நோய், இன்ன வழியில் பரவுகிறது, இன்ன வார்டில் இத்தனை பேர், இன்ன காரணத்தால் இன்ன உத்தரவு என்று அந்தந்த ஊர்ப் பாஷையில் அன்றாடம் வெளியிடுவது சர்க்காரின் கடமை என்று ஒரு பிரிவு அப்போதும் சேர்க்கப்படவில்லை. அதை எழுத நான்கு வரிகள் போதும். நம் சட்டசபை அங்கத்தினர்களில் எவரேனும் ஒருவர் அந்த நான்கு வரிகளை ஒரு மசோதாவாகக் கொண்டுவர முன்வருவாராயின், அதன் வாசகத்தை வரைந்து கொடுக்க நாம் சித்தமாயிருக்கிறோம்.