விண்கலத்துக்கு ஒரு கரணை

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூல் நியூட்டனின் இயக்க விதிகளில் தொடங்கி, 23-ஆவது பாடமான ‘காட்சித் தொடர்பு’ என்ற கணினிப் பாடத்தில் முடிகிறது. கடைசிப் பாடங்களுக்கு வழக்கமாக என்ன கதியோ அதுதான் இதற்கும். ஆனால் அந்தச் சில பக்கங்களில்தான் ஸ்க்ராட்ச் என்ற மென்பொருள் அறிமுகமாகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்து அரசுப் பள்ளி மாணவி ஒருத்தி தானே ஒரு கணினி விளையாட்டைச் செய்து பார்க்க நினைத்தால், கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் கதவு அது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு உருவாக்கி 2007-இல் வெளியிட்டது ஸ்க்ராட்ச். கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டாம். வண்ணக் கட்டைகளை மவுசால் இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் போதும். மேடை, ஸ்பிரைட் எனப்படும் உருவங்கள், அவற்றை ஆட்டிவைக்கும் ஸ்கிரிப்ட் ஆகியவற்றைப் பாடநூல் சொல்லித்தருகிறது. அங்கிருந்து முழு விளையாட்டு வரை பெரிய பள்ளம். அதை நிரப்பத்தான் டெம்ப்ளேட்.

கரும்பு விவசாயி யாரும் விதை தேடிப் போவதில்லை. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவர், கரணை நறுக்கித்தான் அடுத்த நடவைத் தொடங்குகிறார். டெம்ப்ளேட்டும் அப்படியொரு கரணை: திறந்தவுடன் ஓடும், ஆனால் வேண்டுமென்றே பாதியில் விடப்பட்ட விளையாட்டு.

அதற்கு ஸ்பேஸ் ஷூட்டரை, அதாவது விண்கலத்திலிருந்து எதிரிகளைச் சுடும் ஆட்டத்தை, தேர்ந்தெடுப்பதில் காரணம் உண்டு. பின்னணி வெறும் கறுப்பு. நடக்கும் கால், திரும்பும் முகம் என்று எதையும் வரைந்து அசைக்க வேண்டியதில்லை. கலம், குண்டு, எதிரி, மதிப்பெண், உயிர் என்ற ஐந்தோடு ஆட்டம் தயார். 1962-இல் எம்.ஐ.டி.யில் பிடிபி-1 கணினியில் ஸ்டீவ் ரஸ்ஸல் எழுதிய ‘ஸ்பேஸ்வார்’ இப்படித்தான் எளிமையாகத் தொடங்கியது. பிறகு பீட்டர் சாம்சன் அதில் உண்மையான விண்மீன்களைப் பதித்தார். டான் எட்வர்ட்ஸ் நடுவில் ஈர்ப்புவிசை கொண்ட நட்சத்திரத்தை வைத்தார். டெம்ப்ளேட் என்ற பேச்சே இல்லாத காலத்தில் அது டெம்ப்ளேட்டாகத்தான் வேலை செய்திருக்கிறது.

ஸ்க்ராட்சின் மேடை 480-க்கு 360 புள்ளி. நடுப்புள்ளி பூச்சியம், இடம்-வலம் மைனஸ் 240 முதல் 240 வரை, கீழ்-மேல் மைனஸ் 180 முதல் 180 வரை. கணக்கு வகுப்பில் வரைபடத்தாளில் பார்த்த அதே அச்சுகள். கலத்தை உயரம் மைனஸ் 150-இல் நிறுத்தி, அம்புக்குறி விசையை அழுத்தினால் 10 புள்ளி நகரச் செய்யலாம். எதிரி மேல்விளிம்பில் ஏதோ ஓரிடத்தில் தோன்றி இறங்கிவருகிறது. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் குண்டின் நகல் ஒன்று பிறந்து மேலே ஏறுகிறது.

முதல் தலைவலி இங்கேதான். ‘குண்டு பட்டும் எதிரி சாகவில்லை’ என்பது புதிதாகச் செய்கிறவர்களின் பொதுவான புகார். ஸ்க்ராட்ச் நொடிக்கு 30 முறை காட்சியைப் புதுப்பிக்கிறது. ஒவ்வொரு முறையும் குண்டு 10 புள்ளி ஏறினால், மேடையின் முழு உயரத்தைக் கடக்க ஒன்றே கால் நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். இது மந்தமாக இருக்கிறதே என்று 60 புள்ளி ஆக்கினால் வினை. குண்டு வழுக்கிப் போவதில்லை, ஒவ்வொரு முறையும் தாவுகிறது. 40 புள்ளி உயர எதிரியைச் சில நேரம் ஒரே தாவலில் தாண்டிவிடும். இரண்டும் தொட்டுக்கொண்ட கணமே இல்லாதபோது கணினி எதைக் கணக்கில் எடுக்கும்? அடுத்த சிக்கல், நகல்கள். ஒரே நேரத்தில் 300-க்கு மேல் ஸ்க்ராட்ச் அனுமதிப்பதில்லை. மேல்விளிம்பை எட்டிய குண்டை அழிக்க மறந்தால், கொஞ்ச நேரத்தில் துப்பாக்கி ஓய்ந்துவிடும். நல்ல டெம்ப்ளேட் இவற்றை ஏற்கெனவே சரிசெய்திருக்கும். வேகம், உயிர், எதிரியின் எண்ணிக்கை ஆகியவற்றை மட்டும் தமிழ்ப் பெயரோடு ஒரே இடத்தில் மாற்றும்படி வைத்திருக்கும். அதற்குமேல் அழகுபடுத்திக் கொடுப்பது உபகாரமல்ல, இடைஞ்சல்.

கோளாறு சில நேரம் வரமாகவும் அமையும். 1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காகத் தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்தில் 55 எதிரிகள். அத்தனையையும் வரைய அந்தக் காலத்து 8080 சில்லு திணறியது. எதிரிகள் சாகச் சாக அதன் சுமை குறைந்து, மிச்சமிருந்தவை விரைந்து ஓடின. நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவிட்டார். ஆட்டத்தின் பரபரப்பே அதுவாயிற்று.

மெய்நிகர் உலகங்களுக்குப் போகும்போது கதை மாறுகிறது. 2006-இல் வந்த ராப்லாக்ஸ், 2021-இல் மெட்டா திறந்த ஹொரைசன் வேர்ல்ட்ஸ் போன்றவற்றில் ஒரே வானில் பலர் ஒன்றாக விளையாடுகிறார்கள். என் திரையில் பட்ட குண்டு உன் திரையிலும் பட வேண்டும். அதனால் யார் செத்தார், யாருக்கு எத்தனை மதிப்பெண் என்ற தீர்ப்பு சர்வரிடம் இருப்பதே பாதுகாப்பு. ஆடுபவரின் கணினியிடம் விட்டால் திருத்திவிடுவார். ஒவ்வொரு குண்டையும் புதிதாகப் படைத்து அழிப்பதும் அங்கே செலவு. முப்பது குண்டுகளை முன்கூட்டியே செய்து கண்ணில் படாத இடத்தில் ஒளித்துவைத்து, அவற்றையே திரும்பத் திரும்ப எடுத்துச் சுடுகிறார்கள்.

இதற்கெல்லாம் நல்ல கணினியும் அறுபடாத இணையமும் தேவை. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன்மலையில் இரண்டாவது அரிது. கைப்பேசி சிக்னலே சரியாகக் கிடைக்காத ஊர்கள் அங்கே உண்டு. மாநிலத்தில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகம் என்று அரசு திட்டமிட்டு அமைத்தது பெரிய காரியம்தான். ஆனால் ஆய்வகம் இருப்பதும் இணையம் ஓடுவதும் வேறு வேறு. ஸ்க்ராட்சை ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலே இயங்கும். டெம்ப்ளேட் ஒரே கோப்பு. கள்ளக்குறிச்சியில் பென் டிரைவில் ஏற்றி, கச்சிராயபாளையம் வழியாக மலையேறும் பேருந்தில் வெள்ளிமலைக்குக் கொண்டுபோய்விடலாம்.

அங்கே ஆசிரியர் செய்து பார்க்கத்தக்க திருத்தம் ஒன்று உண்டு. விசையை அழுத்தினால் கலத்தின் இடத்தை மாற்றாமல் ‘வேகம்’ என்ற மாறியைக் கூட்டச் சொல்லி, அந்த வேகத்தை ஒவ்வொரு சுற்றிலும் இடத்தோடு சேர்க்கலாம். இப்போது விசையிலிருந்து விரலை எடுத்தாலும் கலம் நிற்காது. எதிர்த்திசை விசையை அழுத்தும்வரை போய்க்கொண்டே இருக்கும். ஸ்பேஸ்வாரின் கலங்களும் இப்படித்தான் மிதந்தன. பாடநூலில் 22 பாடங்கள் முன்னால் போய்ப் பார்த்தால், நியூட்டனின் முதல் விதியில் இதே விஷயம்தான் இருக்கிறது.