விண்ணில் போரிட்டவனுக்கு மண்ணில் ஒரு சிலை

போர்வீரனுக்குச் சிலை எடுப்பது நம் நாட்டிற்குப் புதிதன்று. தில்லி மாநகரில் வாழும் நம்மவர், தீன் மூர்த்திச் சதுக்கத்தைக் கடக்கும்போது நின்ற கோலத்தில் மூன்று வீரர்களைக் காண்கின்றனர். முதல் உலகப் போரில் பாலஸ்தீனத்தில் போரிட்ட ஐதராபாத், ஜோத்பூர், மைசூர் குதிரைப்படையினரின் நினைவுச்சின்னம் அது. சென்னையை அறிந்தவர்களுக்குத் தீவுத்திடலருகே குதிரைமீது வீற்றிருக்கும் மன்றோவின் சிலை நினைவிற்கு வரும். இவர்களைச் சிலையாக வடித்த சிற்பிகளுக்கு ஒரு வசதி இருந்தது. வாழ்நாளில் உலகம் இவர்களை எந்தக் கோலத்தில் கண்டதோ, அதே கோலத்திலேயே இவர்களைக் காட்டிவிட முடிந்தது.

போர் விமானியின் நிலை வேறு. அவன் போரிட்டதை அருகிலிருந்து கண்டவர் எவருமிலர். நிலத்திலிருந்து ஐந்து மைல் உயரத்தில், ஒருவர் மட்டுமே அமரக்கூடிய சிறு அறையில், இருக்கையோடு வாரால் பிணிக்கப்பட்டு அவன் இருந்தான். தோல் தொப்பியும் கண்ணாடியும் பிராணவாயு முகமூடியும் அவனது முகத்தை மறைத்தன. சண்டையோ பெரும்பாலும் சில விநாடிகளில் முடிந்துவிடும். கண்டவர் இல்லாத செயலையும் மறைந்திருந்த முகத்தையும் சிற்பி எவ்வாறு காட்டுவது? விமானத்தோடு சேர்த்து வடித்தால் மனிதன் புலப்படமாட்டான். மனிதனை மட்டும் வடித்தாலோ விமானி என்பது விளங்காது.

இந்தச் சிக்கல் முதலில் தீர்க்கப்படுவது பெரிய சிலையிலன்று. முழ உயரமேயுள்ள மாதிரி உருவத்தில்தான். சிற்பி கம்பியால் ஒரு சட்டம் அமைத்து, அதன்மீது களிமண்ணையோ மெழுகையோ அப்பி அம்மாதிரியைச் செய்கிறான். நிற்பதா அமர்வதா, முகமூடி வேண்டுமா வேண்டாவா, பார்வை எத்திசையில் என்பன யாவும் அங்கே முடிவாகின்றன. அதன் பின்னரே அதனைப் பெரிதாக்கிக் களிமண்ணில் உருவம் சமைத்து, அச்செடுத்து, அச்சினுள் மெழுகு பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் வெண்கலத்தை வார்க்கின்றனர். நம் சுவாமிமலைச் சிற்பிகள் கையாளும் முறையும் அடிப்படையில் இதுவே. ஆயின் அவர்கள் மெழுகிலேயே நேராக உருவத்தைச் சமைத்து, பெரும்பாலும் உள்ளீடு நிறைந்த விக்கிரகமாக வார்ப்பர். இங்கிலாந்தில் பெரிய சிலைகளை உள்ளே வெறுமையாக வார்ப்பது வழக்கம்.

மாதிரி உருவத்தில் எடுக்கும் முடிவு எத்துணை முக்கியமானது என்பதை இரண்டாம் உலகப் போரின் விமானிகளுக்காக இங்கிலாந்தில் எழுந்த நான்கு சிலைகளைக் கொண்டு காணலாம்.

1940 ஜூலை முதல் அக்டோபர் வரை ஜெர்மானிய விமானப் படை பிரிட்டனைத் தாக்கியது. அதனை எதிர்த்து நின்ற விமானிகளும் உடன் பறந்தோரும் ஏறத்தாழ 3,000 பேர். லண்டனையும் தென்கிழக்கு இங்கிலாந்தையும் காத்த படைப்பிரிவின் தலைவர் கீத் பார்க், நியூசிலாந்து நாட்டினர். 2010 செப்டம்பர் 15 அன்று லண்டன் வாட்டர்லூ பிளேசில் அவரது வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. சிற்பி லெஸ் ஜான்சன், படைத்தலைவரைக் கம்பீரமாகக் கைநீட்டி ஆணையிடுபவராகக் காட்டவில்லை. பறப்பதற்குமுன் கையுறையை மாட்டிக்கொள்பவராகக் காட்டினார். மார்பில் மிதவைச் சட்டையும் உண்டு.

இவ்விரண்டும் அலங்காரம் அல்ல. ஆங்கிலக் கால்வாயில் விழுந்த விமானி மூழ்காதிருக்க மிதவைச் சட்டை வேண்டியிருந்தது. கையுறையின் தேவை இன்னும் கொடியது. ஸ்பிட்பயர், ஹரிக்கேன் ஆகிய இருவகை விமானங்களிலும் விமானியின் முன்புறமே ஒரு பெட்ரோல் தொட்டி இருந்தது. குண்டு பட்டால் தீ அவன் முகத்தையும் கைகளையும்தான் முதலில் பற்றும். ஆகவே கையுறை மாட்டும் அச்சிறு செயலில், இனி நேரக்கூடியது என்ன என்பதை அறிந்தும் புறப்படுகின்ற மனிதன் தெரிகிறான்.

இரண்டாவது சிலை, டோவர் நகரை அடுத்த கேப்பல் லே பெர்ன் என்னும் ஊரில் கடற்பாறை மேட்டின்மீது உள்ளது. 1993ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இதனைச் செதுக்கியவர் ஹாரி கிரே. தரையில் பதிக்கப்பட்ட மாபெரும் விமான விசிறியின் நடுவே, பெயரில்லாத இளைஞன் ஒருவன் அமர்ந்து கடலை நோக்கியிருக்கிறான். முகமூடி இல்லை, ஆயுதம் இல்லை. இந்நினைவிடம் எழ முயன்றவர் ஜெப்ரி பேஜ் என்னும் விமானி. 1940 ஆகஸ்டில் சுட்டு வீழ்த்தப்பட்டு, முகமும் கைகளும் கடுமையாக வெந்து, பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் மீண்டும் பறந்தவர் அவர். அவரது முயற்சியால் அமைந்த சிலையின் முகத்திலோ ஒரு தழும்பும் இல்லை. திரும்பி வாராதவர்கள் புறப்படும்போது இருந்த முகம் அது எனலாம்.

வெந்த முகத்தையும் ஒரு சிற்பி காட்டினார். ஈஸ்ட் கிரின்ஸ்டெட் ஊர் மருத்துவமனையில் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ என்னும் அறுவை மருத்துவர், தீக்காயமுற்ற விமானிகளுக்கு முகமும் கைகளும் புதிதாக அமைத்துக் கொடுத்தார். கடலில் விழுந்தவர்களின் புண்கள் விரைவில் ஆறியதைக் கண்டு, உப்புநீர்க் குளியலைச் சிகிச்சையில் சேர்த்தவர் அவர். நோயாளிகளைக் கண்டு முகஞ்சுளிக்காமல் வீட்டிற்கு அழைத்து உபசரிக்குமாறு ஊராரையும் வேண்டிக்கொண்டார்; ஊராரும் அவ்வாறே செய்தனர். 2014 ஜூனில் அங்கே திறக்கப்பட்ட சிலையில், அமர்ந்திருக்கும் விமானியின் தோள்கள்மீது மருத்துவர் கைவைத்து நிற்கிறார். விமானியின் விரல்கள் சுருண்டிருக்கின்றன. முகம் வானை நோக்குகிறது. சிற்பி மார்ட்டின் ஜென்னிங்ஸின் தந்தையே போரில் காயமுற்று மெக்கிண்டோவிடம் சிகிச்சை பெற்றவர்.

நான்காவது சிலை நமக்கு நெருங்கியது. தேம்ஸ் நதிக்கரையிலுள்ள கிரேவ்சென்ட் நகரில் அதே 2014ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்டது அது. டக்ளஸ் ஜென்னிங்ஸ் என்னும் மற்றொரு சிற்பி வடித்த அந்த வெண்கல உருவம் தலைப்பாகை அணிந்திருக்கிறது. அவர் மகிந்தர் சிங் புஜ்ஜி. 1918இல் சிம்லாவில் பிறந்தவர். 1940 இலையுதிர் காலத்தில் இந்தியாவிலிருந்து பிரிட்டன் சென்ற 24 விமானிகளுள் ஒருவர். 1941இல் ஹரிக்கேன் விமானத்தில் போரிட்டார். பின்னர் வட ஆப்பிரிக்காவிலும், அதன்பின் பர்மா முனையில் எதிரியின் இருப்பிடங்களைத் தாழப் பறந்து வேவு பார்ப்பதிலும் ஈடுபட்டார். 1945இல் சிறந்த பறத்தலுக்கான வீரச் சிலுவை விருது பெற்றார்.

தோல் தொப்பியில்தான் செவிக்கருவி பொருத்தப்பட்டிருக்கும். அதனை அணிவதற்காகத் தலைப்பாகையைக் கழற்ற அவர் இசையவில்லை. தலைப்பாகையின்மேல் செவிக்கருவியைப் பிணித்துக்கொள்ளத் தனியாக ஒரு வார் செய்வித்துக்கொண்டு பறந்தார். எனவே அவரது சிலையைச் செய்த சிற்பிக்கு, விமானியை அடையாளங்காட்டும் சிக்கலோடு வேறொரு சிக்கலும் இருந்திருக்க வேண்டும். தலைப்பாகையை விட்டுவிட்டால் அவர் எல்லா விமானிகளையும் போன்ற ஒருவராகிவிடுவார். அது இருப்பதால்தான், அந்த வானில் இந்தியனும் போரிட்டான் என்பதைச் சொற்களின் உதவியின்றியே சிலை உணர்த்துகிறது.

உணர்த்தவேண்டிய தேவையும் இருந்தது. அப்போரில் பிரிட்டிஷ் அரசின்கீழ்ப் பணிபுரிந்த இந்தியப் படையினர் ஏறத்தாழ 25 லட்சம் பேர். எனினும், போருக்குப்பின் எழுந்த திரைப்படங்களிலும் விழாக்களிலும் அவர்கள் அரிதாகவே இடம்பெற்றனர். புஜ்ஜி தம் முதுமையில் இக்குறையை வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். 2010 செப்டம்பரில் அவர் காலமானார். சிலை எழுந்தது நான்கு ஆண்டுகள் கழித்து. அது அவர் ஒருவருக்காக மட்டும் எழுந்ததன்று. 1914 முதல் 2014 வரை நிகழ்ந்த போர்களில் பிரிட்டனோடு தோளிணைந்து நின்ற பல நாட்டினருக்கும் உரிய நினைவாக அது அமைந்துள்ளது.

கையுறை, கடலை நோக்கும் பார்வை, வெந்த விரல்கள், தலைப்பாகை ஆகிய நான்கும் சிற்பிகள் ஆராய்ந்து தேர்ந்தவை. எந்த நகரில் வாழ்ந்தாலும், நாற்சந்தியில் நிற்கும் வீரனின் சிலையைக் கடந்து செல்லும்போது சற்றே நின்று, சிற்பி எதனைக் காட்டியிருக்கிறான், எதனை விட்டிருக்கிறான் என்று எண்ணிப் பார்ப்பது நன்று. காட்டியது வீரனை நினைவூட்டும். விட்டது, நாம் யாரை மறந்தோம் என்பதை நினைவூட்டும்.