மடிக்கணினியின் மின்கலம் ஏன் சோர்கிறது?

எங்கள் வீட்டு மடிக்கணினி வாங்கிய புதிதில், மின்சாரம் போனாலும் 4 மணி நேரம் அயராது உழைத்தது. 3 ஆண்டுகள் கழிந்த இன்றோ அரை மணியில் கண்ணை மூடிவிடுகிறது! சென்ற மாதம் அக்காவின் கட்டுரை பாதியில் நின்றது. வீட்டில் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டோம். உண்மையில் குற்றவாளி யார்?

உள்ளிருப்பது லித்தியம் அயனி மின்கலம். 1991-ல் விற்பனைக்கு வந்தது. இது உருவாக உழைத்த குடெனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவரும் 2019-ல் நோபல் பரிசு பெற்றனர். (குடெனஃபுக்கு அப்போது வயது 97!) மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டினுள் சென்று அமர்கின்றன, பயன்படுத்தும்போது எதிர்முனைக்குத் திரும்புகின்றன. முதல் ஏற்றத்திலேயே கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று படிகிறது. அது மின்கலத்துக்குக் காவல்தான். ஆனால் நாளாக ஆகத் தடித்து, லித்தியத்தைத் தன்னுள் சிறைப்பிடித்துவிடுகிறது. ஆகவே சும்மா வைத்திருந்தாலும் மின்கலம் மூப்படையும்.

வெப்பமும் முழு ஏற்றமும் இதை விரைவுபடுத்தும். நாமோ மெத்தை மேல் வைத்துக் காற்றுத் துளைகளை அடைத்து, இரவெல்லாம் மின்னேற்றுகிறோம்! முழுதும் தீர்ந்த பிறகே ஏற்ற வேண்டும் என்று அப்பா சொல்வது, பழைய நிக்கல் காட்மியம் மின்கலத்துக்குரிய பாடம். இதனைப் பாதியில் ஏற்றினால் பழுதில்லை. இப்போது எங்கள் கணினி மேசைக்கு வந்துவிட்டது. 80 விழுக்காட்டில் ஏற்றத்தை நிறுத்துகிறோம். அப்பா இன்னும் நம்பவில்லை.