காடும் ஏடும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டைக் கற்பிக்குங்கால், அதன்கண் வரும் 99 பூக்களின் பெயரையும் மாணாக்கர் நெட்டுருப் பண்ணி ஒப்புவித்தல் வேண்டும் என்பது நான் நெடுங்காலம் கைக்கொண்ட விதி. என் ஆசிரியர் என்னிடம் அவ்வாறே கேட்டார். நானும் அவ்வாறே கேட்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, இவற்றுள் எத்தனையை நீங்கள் கண்டிருக்கிறீர்கள்?" என்று வினாவினார். வகுப்பு நகைத்தது, நான் நகைக்கவில்லை. அவரை நிறுத்திவைத்துப் பட்டியல் முழுவதையும் மும்முறை சொல்வித்தேன். அவர் பிழையறச் சொன்னார். வினாவுக்கு மாத்திரம் விடை கிடைக்கவில்லை.

அம்மாணவர் இன்று சபரகமுவ மாகாணத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் ஆசிரியர். "ஐயா ஒருமுறை வந்து சிங்கராஜவனத்தைப் பார்த்தல் வேண்டும்" என்று அவர் ஆண்டுதோறும் எழுதுவார். மழை சற்றே ஓய்ந்த மாசி மாதத்தில், அவ்வழைப்புக்கு இணங்கினேன். பனையும் பூவரசும் அன்றிப் பிற மரநிழலை அதிகம் அறியாத யாழ்ப்பாணத்தான் ஒருவன், ஐம்பது வயது கடந்தபின், மழைக்காடு காணப் புறப்பட்டான்.

இரத்தினபுரியிலிருந்து கலவானை வழியாகக் குடாவையை அடைந்தோம். வனத் திணைக்களத்தார் காட்டும் வழிகாட்டியுடனன்றி உட்செல்லுதல் கூடாது. எங்களுக்கு வாய்த்தவர் அயற்கிராமத்து இளைஞர் ஒருவர். அவர் சிங்களத்திற் கூறியவற்றை என் மாணவர் தமிழிற் கூறி வந்தார். காலுறைக்கு மேல் சவர்க்காரம் பூசி அட்டைகளுக்குக் காப்புச் செய்துகொண்டு, காலை ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கினோம். 760 மீற்றர் உயரமுடைய மூலாவெல்ல என்னும் குன்றின் உச்சியே நாங்கள் கருதிய இடம்.

முதலில் சென்ற பாதை அகலமாக இருந்தது. காட்டுக்குள் இத்துணை அகலமான பாதை எதற்கு என்றேன். மரம் ஏற்றிய வண்டிகளுக்காக வெட்டிய பாதை என்றார் வழிகாட்டி. 1970 களின் முற்பகுதியில், ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக இவ்வனத்தின் பெருமரங்கள் இயந்திரங்களால் வீழ்த்தப்பட்டன. அறிஞரும் பொதுமக்களும் எழுப்பிய எதிர்ப்பினால் 1977 இல் அவ்வேலை நிறுத்தப்பட்டது. 1978 இல் இவ்வனம் உயிர்க்கோள ஒதுக்கிடமாயிற்று. 1988 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. "என் தந்தை மரம் வெட்டும் முகாமிலே கூலிவேலை செய்தவர். அவர் வெட்டிய பாதையிலேதான் நான் உங்களை அழைத்துச் செல்கிறேன்" என்று அவ்விளைஞர் வெட்கமும் பெருமிதமும் இன்றி, செய்தி கூறுவார்போலக் கூறினார்.

பாதையோரத்தில் கொடியொன்று தன் இலைநுனிகளில் மூடியோடு கூடிய சிறு குடுவைகளைத் தாங்கி நின்றது. வழுக்கி உள்வீழும் பூச்சிகளை அது செரித்து உண்ணும். சிங்களத்தார் அதனைப் பந்துரா என்பர். அப்பால் மரமொன்றைச் சுற்றி ஏறிய பருத்த கொடியை இளைஞர் காட்டி, "வெனிவெல்" என்றார். மாணவர் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அது மரமஞ்சள். தடிமன் காய்ச்சல் வந்தபோதெல்லாம் என் அன்னையார் மல்லியோடு அவித்துத் தந்த கசப்புக் குடிநீர் நாவில் நினைவுக்கு வந்தது. மருந்துச் சரக்குக்கடையில் மஞ்சட் சிராய்களாக மாத்திரமே அதை நான் அறிவேன். அது பச்சையிலை தாங்கி உயிரோடு நிற்குமென்று ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை.

அகன்ற பாதையை விட்டு ஒற்றையடிப்பாதையிற் புகுந்ததும் வெளிச்சம் குன்றிற்று. ஆண்டுக்கு 3,000 முதல் 5,000 மில்லிமீற்றர் வரை, அஃதாவது யாழ்ப்பாணத்திற் பெய்வதன் இருமடங்குக்கும் மேலாக, மழை பெறும் நிலம் இது. மரங்கள் கிளையின்றித் தூண்போல் உயர்ந்து, மேலே முடியோடு முடி கோத்து நின்றன. இங்குள்ள மரவினங்களுள் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவை இலங்கைக்கே உரியவை. இளைஞர் ஒரு மரத்தைத் தட்டி, "நா" என்றார். 1986 இல் நாட்டின் தேசிய மரமாக்கப்பட்ட நாகமரம். கோடரியின் வாய் மழுங்கும் வைரம் உடையது. தளிரோ செக்கச் சிவந்து மெத்தென்று தொங்குவது. நாகம் என்னும் பெயர் குறிஞ்சிப்பாட்டுப் பட்டியலில் உண்டு. அதனை எத்தனையோ முறை ஓதிய யான், அன்றுதான் அம்மரத்தின் பட்டையில் கை வைத்தேன்.

அவ்வேளை காட்டின் அமைதி திடீரெனக் கலைந்தது. சிலம்பன்களும் கரிச்சான்களும் வேறு பல இனத்தனவுமாகப் பறவைகள் ஒரு பெருந்திரளாக எங்கள் தலைமேற் கடந்தன. இத்தகைய திரளில் பத்துக்கு மேற்பட்ட இனங்களும், ஏறத்தாழ நாற்பது பறவைகளும் இருக்கும் என்பர் ஆராய்ந்தோர். சிலம்பன்கள் இலைகளைக் கிளறப் பூச்சிகள் எழும். அவற்றைக் கரிச்சான் பற்றும். வல்லூறு வருங்கால் கரிச்சான் குரல்கொடுத்து ஏனையவற்றை எச்சரிக்கும். சில நிமிடங்களில் எல்லாம் அடங்கிற்று. காலுறையைப் பார்த்தேன், சவர்க்காரத்தை மதியாத அட்டைகள் ஐந்து ஏறியிருந்தன.

இறுதி ஏற்றம் செங்குத்தானது. வேர்களைப் பற்றி ஏறினேன். நண்பகலை அணுகும் வேளையில் மரங்கள் விலகின. வெறும் பாறையின்மேல் நின்றோம்.

காலைமுதல் என் முன்னே பத்தடிக்கு அப்பால் எதனையும் கண்டேனல்லேன். காட்டினுள்ளே காடு தெரிவதில்லை, மரந்தான் தெரியும். ஆதலின் இவ்வனம் முடிவற்றது என்றே எண்ணியிருந்தேன். பாறைமேல் நின்றபோது ஒருபுறம் மலைக்குப்பின் மலையாகப் பசுமை அலைத்துக் கிடந்தது. மறுபுறம் திரும்பினேன், காடு முடிந்திருந்தது. தேயிலைத் துண்டங்களும் வீட்டுக் கூரைகளும் வெயிலில் மின்னின. கிழக்கு மேற்காக ஏறத்தாழ 21 கிலோமீற்றர்; வடக்குத் தெற்காக மிகுந்த அகலம் 7 கிலோமீற்றர்; இவ்வளவே சிங்கராஜவனம். உலக மரபுரிமையாகக் கொள்ளப்பட்ட பரப்பு 8,864 ஹெக்டேயர். கடல் என்று நான் கருதியது, கரை தெரியும் குளமாயிற்று.

பிரித்தானியர் 1840 இல் இயற்றிய சட்டம், காடும் தரிசும் பயிரிடாத நிலமும் முடிக்குரியன என்று கொண்டது. 1875 இல் இவ்வனத்தின் பெரும்பகுதி ஒதுக்குக்காடானதும் தரிசுநிலச் சட்டத்தின் பெயராலேயே ஆகும். நம் முன்னோர் வகுத்த ஐந்திணையுள் தரிசு என்றொரு திணை இல்லை. காட்டுக்கும் தெய்வம் உண்டு, மாந்தர் உண்டு, மரமும் புள்ளும் பறையும் யாழும் உண்டு. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டவழியே பாலை தோன்றும் என்பது இளங்கோவடிகள் கொள்கை. அவர் கருதியது வேனிலின் வெம்மையை. நம் காலத்தில் அதனை இயந்திர வாளும் செய்யவல்லது. இக்கொள்கையை ஆண்டுதோறும் கற்பித்தும், அதன் பொருள் ஒரு பாறைமேல் நின்றபோதே எனக்கு உறைத்தது.

"தம்பி, அன்று நீர் கேட்ட வினாவுக்கு விடை சொல்கிறேன். பத்தைக்கூட நான் கண்டிருக்கவில்லை" என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "ஐயா, அன்று நீங்கள் மும்முறை சொல்வித்திராவிட்டால், இந்தப் பக்கம் மாற்றலாகி வந்தபோது நாகமரம் எங்கே என்று தேட எனக்குத் தோன்றியிராது" என்றார்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டைப் பாடியது ஆரிய அரசன் ஒருவனுக்குத் தமிழ் அறிவித்தற்கு என்பது வழிவழி வரும் செய்தி. தமிழ் கற்பிக்கப் புகுந்த புலவர், தலைவியும் தோழியும் மலர்களைக் கொய்து பாறைமேற் குவித்ததைக் காட்டினார். பெயரை மனனம் செய்தலை நான் கைவிடப்போவதில்லை. ஆயினும், இவ்வாண்டு என் வகுப்பார் ஒப்புவித்து முடித்தபின், அவர்களை அழைத்துக்கொண்டு குடாவைக்குச் செல்ல எண்ணியுள்ளேன். மாணாக்கரை அவ்வாறு அழைத்துச் செல்ல விரும்பும் ஆசிரிய நண்பர்கள் மாசி மாதத்தைத் தெரிந்துகொள்க; சவர்க்காரத்தோடு உப்பும் கொண்டு செல்க.