பாதி நினைவில் எஞ்சிய பழமொழி: மும்பைத் தமிழ்க் குடும்பமொன்றின் சான்று

வாய்மொழியாக மட்டும் வழங்கிய தொடரொன்று, வழங்கியவர் மறைந்தபின் பேரர் பேத்தியர் நினைவில் அரைகுறையாக எஞ்சுவதுண்டு. அதனை மீட்க முற்படுவோர் சொல்லை ஆராயும் அளவுக்கு, அச்சொல் வழங்கிய சூழலை ஆராய்வதில்லை. இக்குறையைச் சிறு சான்றொன்றின்வழி ஈண்டு விளக்கலாம்.

மும்பையின் மாட்டுங்காப் பகுதி, தென்னிந்தியக் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் இடம். அவர்கள் முயற்சியால் அங்கு 1932இலேயே கல்விக் கழகமொன்று நிறுவப்பெற்றது. அங்கு மூன்று தலைமுறையாக வாழும் இக்கட்டுரையாளரின் உறவினர், தம் வீட்டு மூதாட்டியின் நினைவாகச் சிறு மலரொன்றை அச்சிட விரும்பினர். அவர் அடிக்கடி கூறிய தொடரொன்றை அதில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் சேர்க்க வேண்டுமென்பது அவர்கள் கருத்து. தமிழ் பேச மட்டுமே அறிந்த பேத்தி அதனைத் தேவநாகரியில் குறித்து வைத்திருந்தார். தமிழெழுத்தில் பெயர்த்தால் அது "சட்டீலே இருந்தா ஆப்பேலே வரும்" என்பதாகும்.

'ஆப்பே' என்பது மராத்தியர் வீடுகளில் குழிவுகள் கொண்ட கல்லில் சுட்டெடுக்கும் சிற்றுண்டி. நம் குழிப்பணியாரத்தை ஒத்தது. சட்டியில் மாவிருந்தால் ஆப்பே கிடைக்கும், அதாவது முயன்றால் பலன் உண்டு என்று குடும்பத்தார் பொருள் கொண்டிருந்தனர். முற்றிலும் பொருந்தாப் பொருள் அன்று. பொருந்திவிட்டதனாலேயே யாரும் ஐயுறவில்லை.

ஐயத்திற்கு இடம் தருவது வேற்றுமை உருபு. தின்பண்டமே கருதப்பட்டிருப்பின் 'ஆப்பே வரும்' என்று வருதல் வேண்டும். 'ஆப்பேலே' என ஏழாம் வேற்றுமை வருவதற்குக் காரணமில்லை. அடுத்து எழுத்து. வழக்கமான தேவநாகரியில் எகரக் குறிலுக்குத் தனிக்குறி இல்லை. குறிலையும் நெடிலையும் ஒரே குறியால் எழுதுவர். பேச்சுத் தமிழில் சொல்லிறுதி ஐகாரம் எகரச் சாயல் பெறும். ஆகவே ஏட்டில் உள்ள 'ஆப்பே', வாயில் 'ஆப்பெ'யாக ஒலித்த 'ஆப்பை' ஆகலாம். ஆப்பை என்பது அகப்பையின் பேச்சு வடிவம்.

இம்மாற்றத்திற்குச் சான்று தேடி அவர்கள் வீட்டைவிட்டு வெளியே செல்ல வேண்டியதில்லை. அகத்திலே என்பதை 'ஆத்திலே' என்றும், அகமுடையானை 'ஆம்படையான்' என்றும் வழங்குவோர் அவர்கள். இரண்டிலும் உயிரிடைக் ககரம் கெட்டு உயிர் நீண்டுள்ளது. (தகப்பனார் 'தோப்பனார்' ஆகும்போதும் ககரம் கெடுகிறது, ஆனால் உயிர் வேறு வழியிற் செல்கிறது.) சொல் மறைந்ததற்குக் காரணம் ஒலியன்று, பொருள். தேங்காய் ஓட்டில் காம்பு செருகிய அகப்பையை அப்பேத்தி கண்டதில்லை. அவர் அறிந்தது எஃகுக் கரண்டியே.

இதற்கிடையே செம்பூரிலிருந்து வேறொரு விளக்கம் வந்தது. அங்குச் சேடா நகர்க் குன்றின்மேல் உள்ள முருகன் கோயிலுக்குத் தவறாது செல்லும் உறவினர் ஒருவர், 'சட்டி' என்பது சஷ்டியே என்றும், 'அகப்பை' கருப்பையைக் குறிக்கும் என்றும், சஷ்டி நோன்பிருந்தால் மகப்பேறு வாய்க்கும் என்பதே உண்மைப் பொருள் என்றும் கூறினார். இது தமிழகத்திலும் பரவலாகக் கூறப்படும் விளக்கமே. ஒலியளவில் இதனை மறுக்க இயலாது. சஷ்டி தமிழில் சட்டி ஆவதுண்டு. ஆயினும் வழக்கு இடந்தரவில்லை. 'சஷ்டி இருத்தல்', 'சஷ்டி விரதம் இருத்தல்' என்போமேயன்றிச் 'சஷ்டியில் இருத்தல்' என்பதில்லை. கரு 'தங்கும்', 'உண்டாகும்' என்பதே மரபு. "அகப்பை குறைந்தால் கொழுப்பெல்லாம் அடங்கும்" என்னும் பழமொழியிலும் அகப்பை சோறு பரிமாறும் கருவியே.

"ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்பதை 'வேரைக் கண்டவன்' எனத் திருத்துவோரும் இவ்வகையினரே. 1897இல் வெளிவந்த ஜென்சனின் தொகுப்பில் 'பேரைக் கொன்றவன்' என்றே உள்ளது. பழமொழியின் ஏளனத்தைப் பொறுக்காது அதற்கு நற்பொருள் கற்பிக்கும் ஆர்வமே இத்திருத்தங்களுக்கு அடிப்படை என்பது இக்கட்டுரையாளர் கருத்து. திருத்திய பாடம் கேட்பதற்கு இனிதாக இருப்பதே ஐயுறப் போதிய காரணமாகும்.

விடை தாராவியில் கிடைத்தது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய முதியவள் ஒருத்தி, தொடரின் முதற்பாதியைக் கேட்டதுமே, "சட்டியில இருந்தாத்தான அகப்பையில வரும்" என்று முடித்தாள். 'சிரட்டை அகப்பைதான், வேறென்ன' என்றாள். அவள் கூற்றில் அகப்பையினும் இன்றியமையாதது 'தான' என்னும் இடைச்சொல். மாட்டுங்காக் குடும்பத்தில் பெயர்ச்சொல் திரிந்ததேயன்றி இல்லாமற் போகவில்லை. இடைச்சொல்லோ முற்றும் விழுந்துவிட்டது. அதனுடன் 'இல்லாதது எப்படி வரும்' என்னும் இடித்துரையும் மறைந்து, தொடர் நம்பிக்கை மொழியாயிற்று.

இதன்பின் மூதாட்டியின் மூத்த மகனிடம், அவர் இதனை எப்போது சொல்வார் என்று வினவினோம். படிக்காமல் தேர்வெழுதி மதிப்பெண் குறைந்த நாள்களில், கையால் முகந்து ஊற்றுவதுபோல் காட்டிச் சொல்வார் என்றார். அக்கையசைவு அகப்பைக்கு உரியது. இவ்வினாவை நாம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

மராத்தியில் இதற்கு நிகரான பழமொழி உண்டு: "ஆடாத் நாஹீ தர் போஹர்யாத் குடூன் யேணார்". கிணற்றில் இல்லையெனில் வாளியில் எங்கிருந்து வரும் என்பது அதன் பொருள். அங்கும் ஒரு கொள்கலம், ஒரு முகக்கும் கருவி, இரண்டிலும் இடவேற்றுமை. இதனைக் கூறியதும் பேத்திக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. ஆங்கிலத்திலும் இவ்வமைப்பையே பின்பற்றி, சட்டியையும் அகப்பையையும் மாற்றாது, 'தானே' தரும் வரையறையை வினாவாக்கிப் பெயர்த்தோம்.

ஆப்பே என்னும் பொருளை நீக்கிவிடப் பேத்தி இசையவில்லை. முப்பது ஆண்டுகளாக அவர் தம் மக்களுக்குச் சொல்லிவந்தது அதுவே. அதனை நீக்க நமக்கும் உரிமையில்லை. ஆகவே தாராவி வடிவமும் தேவநாகரிக் குறிப்பும் மலரின் ஒரே பக்கத்தில், ஒவ்வொன்றன் கீழும் அதனதன் பொருளுடன் அச்சாயின.