வி.ஆர்.எஸ். வாங்கியாச்சு... அப்புறம்?

"டாக்டர், மலச்சிக்கலுக்கு நல்ல சூரணமா ஒண்ணு கொடுங்க. நாலு மாசமா படாத பாடு படுறேன்."

இப்படிக் கேட்டுக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தவருக்கு வயது 54. ஒரு நிறுவனத்தில் 29 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, விருப்ப ஓய்வு பெற்று வெளியே வந்தவர். வீட்டுக் கடன் அடைந்துவிட்டது. மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. மகன் சென்னையில் சம்பாதிக்கிறான். கையில் கொஞ்சம் பணமும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

நாடி பார்த்தேன். நாக்கைப் பார்த்தேன். வயிற்றில் உப்புசம், நெஞ்சில் எரிச்சல், ராத்திரியில் தூக்கமில்லை. எடை ஆறு கிலோ கூடியிருந்தது. ரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் அவருடைய டாக்டர் கூட்டியிருந்தார்.

"சூரணம் இருக்கட்டும். நேத்து காலையில கண் முழிச்சதுலேருந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன செஞ்சீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றேன்.

யோசித்து யோசித்துச் சொன்னார். எட்டரை மணிக்கு எழுந்தார். காபி, பேப்பர். பதினோரு மணிக்கு இட்லி. டி.வி. மூன்று மணிக்குச் சாப்பாடு. அப்படியே படுத்து ஐந்தரை வரை தூக்கம். பிறகு செல்போன். பத்து மணிக்கு தோசை. மறுபடி செல்போன். ஒரு மணி, ஒன்றரை மணி வரை.

"ஆபீஸ் போறப்ப?"

"அஞ்சரைக்கு எழுந்திருவேன் டாக்டர். ஏழரைக்கு பஸ்ஸைப் பிடிக்கணுமே."

மலச்சிக்கலுக்கான காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. கிளம்பும்போது தயங்கித் தயங்கி அவர் இன்னொன்றும் கேட்டார்: "பேசாம மறுபடியும் எங்கேயாவது கணக்கு எழுதப் போயிடவா? வேலை இல்லாம மனுஷன் இருக்கவே முடியாதா டாக்டர்?"

இந்தக் கேள்வியை இப்போது பல வீடுகளில் கேட்கிறார்கள். 2000-2001ல் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியே வந்தார்கள். 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல். நிறுவனத்திலிருந்து மட்டும் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் போனார்கள். அத்தனை பேரும் 50 வயதைத் தாண்டியவர்கள். அடுத்த இரண்டே மாதத்தில் கொரோனா ஊரடங்கும் வந்து கதவைச் சாத்தியது. ஓய்வின் முதல் பாடத்தைப் பலர் பூட்டிய வீட்டுக்குள்தான் படித்தார்கள்.

வேலை தந்தது சம்பளம் மட்டுமா?

வேலையை விடும்போது சம்பளம் நின்றுபோகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குக் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். ஆனால், வேலை நமக்குத் தெரியாமலே இன்னும் மூன்றைத் தந்துகொண்டிருந்தது.

முதலாவது, வேளை. எழ ஒரு நேரம், சாப்பிட ஒரு நேரம், படுக்க ஒரு நேரம்.

இரண்டாவது, உடம்புக்கு அலைச்சல். பஸ் நிறுத்தத்துக்கு நடப்பது, மாடிப்படி ஏறுவது, கேன்டீனுக்குப் போய் வருவது. உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே என்று நினைத்தாலும், கூட்டிப் பார்த்தால் தினம் கணிசமான நடை.

மூன்றாவது, ஆள். "என்ன சார், நேத்து வரலை?" என்று கேட்க ஒருவர்.

இந்த மூன்றும் ஒரே நாளில் நின்றுபோகின்றன. ஆனால் ஒருவரும் அதற்குக் கணக்குப் போடுவதில்லை.

உடம்புக்குள் ஒரு கடிகாரம்

மலத்தைக் கீழே தள்ளும் வேலையை அபானன் என்ற வாயு செய்கிறது என்கிறது சித்த மருத்துவம். வாதம் சீராக இருந்தால்தான் அது ஒழுங்காக நடக்கும். இரவில் கண்விழிப்பதும், பகலில் தூங்குவதும், வேளை தப்பிச் சாப்பிடுவதும் வாதத்தைக் கெடுக்கும். நோய் அணுகாமல் இருக்க வழி சொன்ன தேரையர், பகல் தூக்கம் கூடாது என்பதை அதில் ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்.

இன்றைய அறிவியலும் இதற்கு நெருக்கமாகத்தான் வருகிறது. நம் மூளையிலும் குடலிலும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. காலை வெளிச்சமும், வேளைக்குச் சாப்பாடும்தான் அதற்குச் சாவி கொடுக்கின்றன. காலையில் எழுந்து ஏதாவது சாப்பிட்டதும் பெருங்குடல் சுருங்கி மலத்தைத் தள்ளும். எட்டரைக்கு எழுந்து பதினோரு மணிக்குச் சாப்பிட்டால் குடல்தான் என்ன செய்யும், பாவம்!

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

"சீக்கிரம் ரிடையர் ஆனா சீக்கிரம் போயிடுவாங்களாமே?" என்று பயந்துபோய்க் கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்களைத் தொடர்ந்து கவனித்து, 2005-ல் ஓர் ஆய்வு வெளியானது. 65 வயது வரை வேலை பார்த்தவர்களைவிட, 55-ல் ஓய்வு பெற்றவர்களிடையே பிற்காலத்தில் இறப்பு அதிகம் என்று அதில் தெரிந்தது. ஆனால் 60-ல் ஓய்வு பெற்றவர்களுக்கும் 65-ல் ஓய்வு பெற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. தவிர, உடம்பு சரியில்லாததால்தான் சிலர் சீக்கிரம் ஓய்வு பெறுகிறார்கள். ஆகவே, வேலையை விட்டதால்தான் உயிர் போனது என்று சொல்ல முடியாது.

பிரிட்டனில் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த வைட்ஹால் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. ஓய்வு பெற்ற பிறகு, சொற்களை நினைவில் வைக்கும் திறன் முன்பைவிட வேகமாகக் குறைந்தது. நாலு பேரோடு பேசாமல், புதிதாக எதையும் கற்காமல் இருந்தால் மூளையும் துருப்பிடிக்கத்தானே செய்யும்?

"எனக்கு எப்போ டாக்டர் ரிடையர்மென்ட்?"

அடுத்த வாரம் அவருடைய மனைவி தனியாக வந்தார். முழங்கால் வலி என்றார். வலியைவிடப் பெரிய புகார் ஒன்று வைத்திருந்தார்.

"முன்னெல்லாம் அவுக ஆபீஸ் போனதும் பத்து மணிக்கு மேல வீடு என் கையில இருக்கும். இப்ப ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்து, 'இந்தக் கத்தரிக்காய் எப்ப வாங்கினது?'ங்கிறாங்க. 'பருப்பு ஏன் இவ்வளவு போடுற?'ங்கிறாங்க. மணிக்கொரு தரம் காபி. அவங்களுக்கு ரிடையர்மென்ட், எனக்கு டபுள் டியூட்டி. எனக்கு எப்போ டாக்டர் ரிடையர்மென்ட்?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

ஜப்பானில் ஓய்வு பெற்ற கணவர்களை 'நுரே ஓச்சிபா' என்று கேலி செய்வார்கள். ஈரமான சருகு என்று பொருள். பெருக்கினாலும் துடைப்பத்தில் ஒட்டிக்கொள்ளுமாம்! கணவரின் ஓய்வுக்குப் பிறகு மனைவிமாருக்கு வரும் தலைவலி, வயிற்றுக்கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றுக்கு ஒரு பெயரே வைத்தார்கள் அங்கே. ஒருவருடைய ஓய்வு இன்னொருவருடைய முதுகில் ஏறி உட்கார்ந்தால் அது எப்படி ஓய்வாகும்?

ஆற்றங்கரை அண்ணாச்சி

என்னிடம் பல ஆண்டுகளாக வரும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். வங்கியில் வேலை பார்த்து, 2001-ல் விருப்ப ஓய்வு பெற்றவர். அப்போது அவருக்கு ஐம்பது கூட முடியவில்லை. "இந்த வயசுல வீட்டுல உட்கார்ந்தா கெட்டுப் போயிடுவே" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தினார்கள். அதன் பிறகு அவர் ஒரு ரூபாய்கூடச் சம்பளம் வாங்கியதில்லை. இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். மனிதர் கெட்டுப்போகவும் இல்லை.

என்ன செய்கிறார்? பெரிதாக ஒன்றும் இல்லை. காலை ஐந்தரைக்குத் தாமிரபரணிக்கு நடப்பார். குறுக்குத்துறையில் குளியல். அங்கே வருகிற ஆறேழு பேரோடு ஒரு காபி. வரும் வழியில் காய்கறி வாங்கி வந்து, அவரே நறுக்கிக் கொடுத்துவிடுவார். அது அவருடைய 'டிபார்ட்மென்ட்'. சமையலறையில் வேறெதிலும் தலையிட மாட்டார். பத்து மணிக்கு நூலகம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்வு நாற்காலி, கட்டில் கிடையாது. சாயங்காலம் கோயில் அல்லது கேரம் போர்டு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இங்கே பெய்த மழையை மறக்க முடியாது. தாமிரபரணி பெருக்கெடுத்து, குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் சூழ்ந்தது. ஊரில் பல தெருக்களில் வெள்ளம், கரண்ட் இல்லை, போன் இல்லை. அண்ணாச்சியும் அவர் மனைவியும் வீட்டில் தனியாக இருந்தார்கள். பிள்ளைகள் வெளியூரில். அப்போது முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து கதவைத் தட்டியவர்கள் யார் தெரியுமா? அந்தக் காபி கோஷ்டிதான். இரண்டு பேர் பால் பாக்கெட்டோடு வந்தார்களாம்.

"இருபத்திரண்டு வருஷமா ஆபீஸ் போகலை டாக்டர். ஆனா ரெண்டு நாள் காணலைன்னதும் தேடி வர ஆள் இருந்துச்சு பார்த்தீங்களா?" என்று அவர் சொன்னபோது அந்தக் குரலில் இருந்த நிறைவை எந்தப் பென்ஷன் கொடுக்கும்?

நானும் மாட்டிக்கொண்டேன்!

ஊருக்கு உபதேசம் சொல்கிற நான் எப்படி? பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் என்னோடு படித்து அரசுப் பணிக்குப் போனவர்கள் ஓய்வை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள். தமிழக அரசு ஓய்வு வயதை 2020-ல் 58-லிருந்து 59 ஆகவும், 2021-ல் 60 ஆகவும் உயர்த்தியதால் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். "போதும்பா, நீங்களும் கிளினிக்கை மூடிட்டு ரெஸ்ட் எடுங்க" என்கிறான் என் மகன்.

இரண்டு வருஷம் முன்பு குளியலறையில் வழுக்கிக் கணுக்காலில் எலும்பு விரிசல் விட்டது. ஐந்து வாரம் வீட்டில். பத்தாவது நாள், மதியம் மூன்று மணி வரை தூங்கிவிட்டு எழுந்து, "சாம்பார்ல ஏன் இவ்வளவு புளி?" என்று என் மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்! அன்றைக்குத்தான் புரிந்தது, இது அறிவு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, பழக்கம் சம்பந்தப்பட்டது என்று.

நீங்கள் செய்ய வேண்டியவை

* வேலையை விடும் முன் முடிந்தால் ஒரு மாதம் லீவு போட்டு, எங்கும் ஊருக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்து பாருங்கள். ஓய்வு உங்களுக்கு ஒத்துவருமா என்று அது சொல்லிவிடும்.

* அலுவலக மருத்துவக் காப்பீடு தொடருமா என்று விசாரியுங்கள். இல்லாவிட்டால், வேலையில் இருக்கும்போதே தனியாக எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு.

* எழுகிற நேரத்தை மாற்றாதீர்கள். ஆபீஸ் போகும்போது ஐந்தரை என்றால் இப்போது ஆறு மணி. அதற்கு மேல் வேண்டாம்.

* பகலில் அசதியாக இருந்தால் சாய்வு நாற்காலியில் இருபது நிமிடம் போதும்.

* வாரத்தில் ஐந்து நாளாவது, தினம் அரைமணி நேரம் வேகமாக நடங்கள். காலை வெயிலில் நடந்தால் ராத்திரி தூக்கமும் வரும்.

* இத்தனை நாள் நேரமில்லை என்று தள்ளிப்போட்ட எண்ணெய்க் குளியலை வாரம் இருமுறை வைத்துக்கொள்ளலாம். குளித்த அன்று பகலில் தூங்கக் கூடாது. சளி, காய்ச்சல் இருந்தால் வேண்டாம்.

* வீட்டில் ஒரு பொறுப்பை முழுதாக உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். மேற்பார்வை பார்ப்பது பொறுப்பு அல்ல!

* சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை 'டென்ஷன்தான் போயிடுச்சே' என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

* இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, பசியில்லை, தூக்கமில்லை, 'இருந்து என்ன ஆகப்போகுது' என்கிற பேச்சு, அல்லது பகலிலேயே பாட்டிலைத் தேடுவது - இவை சூரணத்தில் தீராது. உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, மலச்சிக்கல்காரர் என்ன ஆனார்? கணக்கு எழுதப் போக வேண்டாம் என்றேன். "தினமும் ஒரே நேரத்தில், உங்களை எதிர்பார்த்து ஒருத்தர் காத்திருக்கிற மாதிரி ஒரு காரியம் மட்டும் பிடிச்சுக்குங்க" என்றேன். சூரணத்தை மூன்று வாரத்துக்குத்தான் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து வந்தார். எடை இரண்டு கிலோ குறைந்திருந்தது. அவருடைய அம்மாவுக்கு 82 வயது, கூடவே இருக்கிறார். இடுப்பு வலிக்காகக் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருந்தார்களாம், அழைத்துப் போகத்தான் ஆள் இல்லை. இப்போது சாயங்காலம் ஐந்து மணிக்கு இவர் கையைப் பிடித்துத் தெருமுனை வரை அழைத்துப் போய்வருகிறார்.

"நாலே முக்காலுக்கெல்லாம் அம்மா செருப்பைப் போட்டுக்கிட்டு வாசல்ல வந்து உட்கார்ந்திடுறாங்க டாக்டர். எங்கே தூங்குறது?" என்றார்.

சம்பளம் இல்லாமல், பதவி இல்லாமல் நிறைவாக வாழலாம், சந்தேகமே வேண்டாம். பார்த்த வேலையை விடுங்கள். வேளையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.